குறும்பலாப்பேரிக்காரர்

குறும்பலாப்பேரி எங்களுக்குப் பக்கத்து ஊர். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். அங்கே 1934 மார்ச் 8 அன்று பிறந்த ம.இலெ. தங்கப்பாவைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது.

மதனபாண்டியன் தன் மகனுக்கு வைத்த பெயர் லெனின் தங்கப்பா. பிழைப்பு தங்கப்பாவைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனது. முதலில் பள்ளி ஆசிரியர், பிறகு தாகூர் கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பெருஞ்சித்திரனாரின் தென்மொழி இதழில் எழுதியவர். பிறமொழிச் சொல் கலவாத தமிழில் உறுதியாக நின்றவர். அப்படிப்பட்டவர்தான் சங்கப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இதை முரண் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆங்கிலத்தின் மீது அவருக்குப் பகை இல்லை. தமிழுக்குள் அது தேவையில்லாமல் நுழைவதைத்தான் எதிர்த்தார்.

அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதை வகுப்பில் குறுந்தொகை சொல்லிக்கொடுக்கும்போது உணர்கிறேன். நாலு முதல் எட்டு அடிக்குள் ஒரு மலை, ஒரு மரம், அதில் ஒரு குரங்கு, அந்த மலைக்கு உரியவன் என்று அடுக்கிக்கொண்டே போய், வினை கடைசியில் வந்து விழும். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தான் என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். அடுக்கைக் குலைக்காமல் பாட்டு அங்கே போய்ச் சேராது. குலைத்துவிட்டால் காட்சிக்குள் மறைந்திருக்கும் பொருளான உள்ளுறை சிதறிவிடும். தினையும் பலாவும் சுனையும் தென்படும் மலையடிவாரத்தில் பிறந்தவர் என்பது இந்த இடத்தில் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்று நம்புகிறேன். குற்றாலத்து மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் குறிஞ்சித் திணையை யாரும் உரை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அவருடைய மொழிபெயர்ப்பின் முதல் தொகுப்பு 1970இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு ஏ.கே. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்தது. அவர் இருந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில். உலகம் அந்த மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. தங்கப்பாவோ புதுச்சேரியில் வகுப்பு எடுத்துக்கொண்டு, திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த அவருடைய சங்கப் பாட்டு மொழிபெயர்ப்பு 'லவ் ஸ்டேண்ட்ஸ் அலோன்' பெங்குவின் வெளியீடாக 2010இல் வந்தபோது நாற்பது ஆண்டு போயிருந்தது. மறு ஆண்டு அவர் பெயர்த்த முத்தொள்ளாயிரம் ஆங்கிலத்தில் வந்தது. 2012இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

அதற்கு ஓராண்டு முன்பே அகாதெமி அவருக்கு இன்னொரு பரிசு கொடுத்திருந்தது: குழந்தைப் பாடல் நூலான 'சோளக்கொல்லைப் பொம்மை'க்கு. எனக்கு இதுதான் பெரிய செய்தி. புலமை கூடக்கூடப் பேராசிரியர்கள் பலர் பிள்ளைகளை விட்டுத் தூரம் போய்விடுகிறார்கள். இவர் வாயில் போட்டால் கரைகிற தமிழில் அவர்களுக்குப் பாட்டுக் கட்டினார். தலைப்பில் நிற்கும் பொம்மை எங்கள் மானாவாரிக் காட்டில் குருவி விரட்ட நிற்பதுதான்.

2018 மே 31 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

சுரண்டை காமராஜர் அரசு கலைக் கல்லூரியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குறுந்தொகைப் பாட்டு ஒன்றையும் அதற்குத் தங்கப்பா எழுதிய ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு துறையும் சேர்ந்து ஒரு பிற்பகல் படிக்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் காலை வழிபாட்டில் அவர் பாட்டு ஒன்றைப் பாடலாம். குறும்பலாப்பேரிப் பிள்ளைகளில் இருந்தே தொடங்கலாம்.