இருட்டறையில் தெரிந்த முகம்

நாற்பத்தைந்து வயதில் மாணவியாகப் போய் உட்காருவது ஓர் ஆசிரியைக்கு எளிதான காரியம் அல்ல. வாரம் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்து, "கவனமாகக் கேள்" என்று சொல்லிப் பழகிய வாய், அங்கே மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஆனாலும் போனேன். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குச் சென்று, பிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கவும், அதை இருட்டறையில் கழுவவும் கற்றுக்கொண்டேன். 2007-இல் பெயர் மாறிய பிறகும் எங்கள் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெரியவர்கள், "கைப்பேசியில் ஒரு நொடியில் படம் விழுகிற காலத்தில் இது எதற்கு டீச்சர்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கைப்பேசிதான் காரணம். மூன்று ஆண்டுகளின் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்கள் அதில் இருந்தன. ஒருநாள் அது வாளித் தண்ணீரில் விழுந்தது; படங்கள் அத்தனையும் போயின. வேறு எங்கும் எடுத்து வைக்காதது என் குற்றம். அன்று மாலை, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். லயத்துப் புகையையும் ஒழுகிய கூரையையும் தாண்டி, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தெளிவாக நிற்கிறது. இது எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

முதல் பாடத்துக்குப் பிலிமை எங்கள் பயிற்றுநரே கேமராவில் மாட்டிக் கொடுத்தார். என் வயதில் பாதிதான் இருக்கும் அந்தத் தம்பிக்கு. நான் கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குப் போய், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் குரங்குகளையும் எடுத்தேன். அங்குள்ள சாம்பல் நிறக் குரங்குகளின் குட்டிகள் பிறக்கும்போது ஆரஞ்சு நிறமாக இருக்கும். அந்த நிறத்துக்கு மயங்கித்தான் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் தாயும் குட்டியும் ஒரே சாம்பல். "நிறத்தை மறந்துவிடுங்கள் டீச்சர். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது, அதை மட்டும் பாருங்கள்" என்றார் தம்பி.

இரண்டாவது ரோலை நானே மாட்டினேன். விரைவில் மறையப் போகிற ஒன்றை எடுத்து வாருங்கள் என்பது வீட்டுப்பாடம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது ஒரு வரிசை லயமும் நான்கைந்து குடும்பமும்தான். அதில் கடைசி வீட்டுப் பாட்டி, என் அம்மாவோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர். நல்ல சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசற்படியில் வந்து நின்றார். முப்பத்தாறு படங்களையும் அங்கேயே எடுத்து முடித்தேன்.

அடுத்த ஞாயிறு கழுவினேன். பிலிமைச் சுருள் சட்டத்தில் ஏற்றும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது, கும்மிருட்டு வேண்டும். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். விரல்தான் பார்க்க வேண்டும். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்ற அம்மாவின் நினைவு வந்தது. அவள் கையும் இப்படித்தானே பட்டையைத் தடவித் தடவி வழி கண்டிருக்கும்!

பிலிமை டப்பாவில் மூடிய பிறகு விளக்கைப் போடலாம். முதல் மருந்து, வெளிச்சம் பட்ட இடத்தை வெள்ளித் துகளாகக் கறுக்கச் செய்யும். அதற்கு 20 பாகை வெப்பம் சரியான அளவு. நம் குழாய்த் தண்ணீரோ 28 பாகை காட்டியது. சூடு கூடினால் மருந்து மிஞ்சி வேலை செய்து படம் கறுத்துவிடும். ஆகவே மருந்துப் போத்தலைச் சுற்றி ஐஸ் கட்டியைப் போட்டுக் காத்திருந்தோம். இரண்டாவது மருந்து, முதல் மருந்தின் வேலையை நிறுத்தும் அசிட்டிக் அமில நீர். மூடியைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாடை என்னைத் தூக்கி வாரிப்போட்டது. அப்படியே பால் ஸ்டோர் வாடை! பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றிவிட்டு அப்பா வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் வீசிய வாடை. அந்த இருட்டறையில் அதைக் கேட்டு நெஞ்சு கனத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாவதுதான் ஹைப்போ. நம் கல்யாணப் படங்களை நிற்க வைத்த மருந்து இதுவே. 1802-இல் தாமஸ் வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயர் வெள்ளி உப்புத் தடவிய தாளில் உருவத்தைப் பதியச் செய்தார். ஆனால் அதை நிலைநிறுத்தும் வழி தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்தால் தாள் முழுவதும் கறுத்துப்போனது. வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்துவிடும் என்பதை 1819-இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல். 1839-இல் அதைப் படத்துக்குப் பயன்படுத்திய பிறகே மனிதன் தன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

அன்று என் பிலிமை வெளியே எடுத்தபோது, அது கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. ஓரத்து எண்களைத் தவிர ஒன்றுமில்லை. பிலிமின் நுனியை நான் சரியாக மாட்டவில்லை. முப்பத்தாறு முறை ஷட்டர் அடித்தும் பிலிம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தம்பி கோபிக்கவில்லை. "அடுத்த படத்துக்குச் சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள், சுழலாவிட்டால் பிலிம் ஓடவில்லை" என்று மட்டும் சொன்னார். கணக்கில் ஒரு சுழியை விட்ட பிள்ளையை நான் எப்படித் திட்டுகிறேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தோட்டத்துக்குப் போனால், லயத்தில் பாதிக்குக் கூரை இல்லை. பாட்டி புக்கிட் ரோத்தானில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தேடிச் சென்று, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பாட்டி சிரித்தார்.

"அட, நான் அன்னிக்குச் சேலை மாத்துனதெல்லாம் வீணா டீச்சர்? போகட்டும், எங்கம்மாவுக்கு நடந்ததுக்கு இது பரவாயில்ல."

"என்ன நடந்தது பாட்டி?"

"கலவரக் காலத்துல எல்லாருக்கும் கார்டு போட்டாங்க. பிரட்டுக் களத்துல வரிசையா நிக்க வச்சு, படம் புடிச்சு, கைநாட்டு வாங்குனாங்க. நான் அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எங்கம்மா ஆயுசுக்கும் அந்த ஒரு படம்தான். அவங்க செத்தப்போ சாவு பதியப் போன எடத்துல கார்டைக் கொடுத்துட்டு வந்துட்டோம். படமும் கார்டோட போயிடுச்சு. இப்ப அந்த முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரல."

1948-இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்தோடும் கைரேகையோடும் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. இதை நான் வரலாற்றுப் பாடமாகப் படித்திருக்கிறேன். ஆனால் நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளின் ஒரே படம் அந்த அட்டையில் ஒட்டியதுதான் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். யாரோ, யாருக்காகவோ எடுத்த படம். திரும்பப் போகவும் செய்தது.

சன்னல் ஓரத்தில் பாட்டியை உட்கார வைத்தேன். குமிழ் சுழல்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன்.

இந்த முறை பிலிமில் உருவம் இருந்தது. நரைத்த தலை கறுப்பாகவும், கறுத்த முகம் வெளுப்பாகவும் நெகட்டிவ் தெரிந்தது. சிவப்பு விளக்கின் கீழ், தாளில் ஐந்தைந்து நொடியாக வெளிச்சம் காட்டிச் சரியான அளவைக் கண்டுகொண்டு, மருந்துத் தட்டில் இட்டேன். வெள்ளைத் தாளில் முதலில் கண் குழிகள் வந்தன. பிறகு கன்னத்துச் சுருக்கம், பிறகு மூக்குத்தி. நிறமில்லாததால் அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் பேசியது. நானே கழுவி, நானே நிறுத்திய முகம்!

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இது நானா? எங்கம்மா மாதிரியில்ல இருக்கு?" என்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் ஒண்ணொண்ணு வேணும்" என்றார்.

நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐந்து அல்ல, ஐம்பது வேண்டுமானாலும் போடலாம்.

வாசக அன்பர்களே, தமிழ்நாட்டிலேயே உதகமண்டலத்தில் 1960-இல் பிலிம் தொழிற்சாலை ஒன்று தொடங்கினார்கள். 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. இன்று அது மூடிக் கிடக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கறுப்பு வெள்ளைப் பிலிம் இன்னும் தயாராகிறது. ஆனால் எல்லோரும் இந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய படங்களும் நெகட்டிவ் துண்டுகளும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சை தின்னும். காய்ந்த காகித உறையில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. பெயர் தெரிந்த பெரியவர்கள் உங்களோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.