கோட்டை விட்ட கதை

பள்ளி விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு செந்தோசாவில் உள்ள சிலோசோ கோட்டைக்குப் போயிருந்தேன். மின்தூக்கியில் பதினோரு மாடி உயரம் ஏறி, மர உச்சிகளை ஒட்டி 181 மீட்டர் நடைபாலத்தில் நடந்தால் கோட்டை வந்துவிடும். கட்டணம் இல்லை. என் முழங்கால்களும் அன்று தகராறு செய்யவில்லை.

கெப்பல் துறைமுகத்தைக் காக்க 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கட்டியது. அப்போது தீவின் பெயர் பிளாக்காங் மாத்தி. இன்று நிழல், புல்வெளி, கடற்காற்று. நடுநடுவே பீரங்கி மேடைகளும் சுரங்கப் பாதைகளும். சிங்கப்பூர் வீழ்ந்து 80 ஆண்டு நிறைந்த 2022 பிப்ரவரி 15 அன்று இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

பேரன் ஒரு பீரங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதெல்லாம் கடல் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். ஜப்பான்காரங்க பின்பக்கமா வந்துட்டாங்களாம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நானும் இதையேதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் துறைமுகத் தொழிலாளி. போரின்போது தீவுக்கு நேர் எதிரே, தெலுக் பிளாங்காவில் இருந்தவர். "இல்லப்பா, அந்தக் குண்டுங்க நம்ம தலைக்கு மேலதான் கரைப்பக்கம் பறந்துச்சு. நான் என் காதால கேட்டேன்" என்றார்.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? படிச்சவங்க சொல்றாங்க" என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் போரைப் பற்றிப் பேசியதே இல்லை.

அப்பா சொன்னதுதான் சரி. சிலோசோ பீரங்கிகளைத் திருப்பி, நிலத்தில் முன்னேறிய ஜப்பானியரை நோக்கிச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் கடற்கரைப் பீரங்கிகளுக்கென இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கும் குண்டுகள். சிதறிக் கிடக்கும் காலாட்படைக்கு எதிராக அவை அவ்வளவாகப் பயன்படவில்லை. பீரங்கி திரும்பியது, குண்டுதான் பொருந்தவில்லை.

பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டான்.

பதில் இல்லை. அப்பா போய் நாற்பது வருடம் ஆகிறது. கேட்க வேண்டிய காலத்தில் நான்தான் கோட்டை விட்டுவிட்டேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் கேட்காவிட்டாலும் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லி வையுங்கள். எதிர்த்துப் பேசினாலும் நிறுத்திவிடாதீர்கள்.