பாரம் இறங்கிய கரை

நுரைச்சோலையில் நிற்கும் பேரியந்திரங்களுள் எதுவும் அந்த மண்ணிற் பிறந்ததன்று. கொதிகலனும் நீராவிச் சுழலியும் மின்பிறப்பாக்கியும் சீனத் தொழிற்சாலைகளில் உருவாகிக் கப்பலேறி வந்தவை. அவற்றுக்குக் கடன் கொடுத்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி. கட்டிக் கொடுத்த நிறுவனத்தின் பழைய பெயர் சீனத் தேசிய இயந்திர உபகரண ஏற்றுமதி இறக்குமதிக் கூட்டுத்தாபனம் என்பதாகும். செய்யும் தொழிலைப் பெயரிலேயே எழுதி வைத்திருந்தனர். 2006 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2011 மார்ச்சில் முதல் அலகு முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. ஏனைய இரண்டும் 2014 இல் நிறைவுற்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று, மொத்தம் 900. நாட்டிற் பிறப்பிக்கப்பட்ட மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டதைச் சில ஆண்டுகளில் இந்த ஒரே இடம் வழங்கியிருக்கின்றது. ஆகவே, பாரமான இயந்திரங்கள் கடல் கடப்பதைப் பற்றிச் சிந்திக்க விரும்புவோருக்கு இலங்கையில் இதனினும் பொருத்தமான கரை கிடைப்பது அரிது.

பாரம் என்பது வெறும் நிறுவை அன்று. அறுபதினாயிரம் தொன் அரிசியை ஒரு கப்பலில் ஏற்றலாம். அதனை மூடை மூடையாகப் பிரித்து மனிதன் முதுகிலும் சுமக்கலாம். முந்நூறு மெகாவாற்று மின்பிறப்பாக்கியின் நிலையுறுப்போ ஒரே துண்டாக ஏறத்தாழ இருநூறு தொன் நிறையுடையது. அதனைப் பிரிக்க முடியாது. கொள்கலனுள் அடைக்கவும் முடியாது. அத்தகைய சரக்குக்கெனத் தனியாகப் பலம்வாய்ந்த பாரந்தூக்கிகளைத் தம்மேலேயே கொண்ட கப்பல்கள் உள்ளன. பாரந்தூக்கி அச்சுமையைத் தூக்கிக் கப்பலின் பக்கமாகத் திருப்பும்போது கப்பலே அப்பக்கம் சாயும். அதனை ஈடு செய்ய எதிர்ப்பக்கத்துத் தொட்டிகளுக்குக் கடல்நீரைப் பாய்ச்ச வேண்டும். தூக்குபவனும் நீர் பாய்ச்சுபவனும் ஒரே தாளத்தில் இயங்காவிடில் என்ன நிகழும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்விடத்து மின்மாற்றியின் பயணத்தையும் சற்று நோக்குதல் தகும். அதனுள்ளிருக்கும் எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டு, ஈரம் புகாதிருக்கும் பொருட்டு உலர்ந்த காற்றோ நைதரசனோ நிரப்பப்படும். அதன் உடலில் அதிர்வைப் பதியும் சிறு கருவியொன்று பொருத்தப்படும். கடலில் அலை எத்துணை வன்மையாக மோதியது, துறையில் எவ்வளவு முரட்டுத்தனமாக இறக்கினர், சாலையில் எந்தப் பள்ளத்தில் வண்டி குலுங்கியது என்பனவெல்லாம் அதிற் பதிவாகும். பெற்றுக்கொள்பவர் முதலிற் பார்ப்பது அந்தப் பதிவையே. பல கோடி பெறுமதியான இயந்திரத்துக்குச் சேதம் நேர்ந்ததா, நேர்ந்ததாயின் யார் பொறுப்பு என்ற வழக்கில், கையளவான அப்பெட்டியே சாட்சி. தரையிறங்கிய பின்னரும் பயணம் முடிவதில்லை. பற்பல அச்சுகள் கொண்ட தாழ்ந்த வண்டியில், பாலங்களின் வலுவையும் வளைவுகளின் அகலத்தையும் முன்னரே அளந்து, குறுக்கே தொங்கும் கம்பிகளை உயர்த்திப் பிடித்து, மனிதன் நடக்கும் வேகத்திலேயே அது நகரும்.

கடல்வழிப் பாரம் இத்தீவுக்குப் புதிதன்று. இங்கிருந்து சென்ற மிகப் பழைய பாரச் சரக்கு யானை. தப்ரபேன் என்று தாம் அழைத்த இத்தீவிலிருந்து பெரிய தோணிகளில் யானைகள் கலிங்கத்துக்குச் சென்றதை ஈலியன் என்னும் பண்டைய எழுத்தாளர் குறித்துள்ளார். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகள் ஊர்காவற்றுறையிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதியாயின. உயிருள்ள பாரம் இயந்திரத்தினும் கொடியது. அதற்கு ஈர்ப்புமையத்தைக் குறித்து வர்ணம் பூச முடியாது, அது தானாக இடம் மாறி நிற்கும்!

இத்தகைய சரக்கைப் பற்றிய சட்டமொன்று தமிழிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளமை தமிழ் மாணவர் கவனத்துக்குரியது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள 12 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு மன்னன் விடுத்த ஆணையாகும். சிங்கள மன்னன் ஒருவன் ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குத் தமிழில் ஆணை எழுதுவித்தான் என்பதே தனிக் கட்டுரைக்குரிய செய்தி. இங்கு வேண்டுவது அதன் பொருள்: யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு, பிற வணிகச் சரக்குக் கொண்டுவரும் கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. போருக்கு வேண்டிய பெருஞ்சரக்கைக் கொண்டுவருபவன் அஞ்சிப் பின்வாங்காதிருக்கவே அவனுக்குக் கூடிய பங்கு விடப்பட்டது எனக் கருத இடமுண்டு. அரிய பாரத்துக்கு அரிய சலுகை, அவ்வளவே.

கலம் உடைந்தால் நட்டம் யாருக்கு என்ற அந்தக் கேள்வியே இன்றைய கப்பல் வணிகத்தின் உயிர்நாடியும் ஆகும். பாரிசிலுள்ள அனைத்துலக வர்த்தக சம்மேளனம் 1936 இல் முதன்முதலாக வெளியிட்ட வணிக விதிகள், விற்பவனிடமிருந்து வாங்குபவனுக்கு ஆபத்துப் பொறுப்பு எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை வரையறுக்கின்றன. நெடுங்காலமாக அக்கணம், சரக்குக் கப்பலின் விளிம்பைக் கடக்கும் கணமாகவே இருந்தது. பாரந்தூக்கியின் கயிற்றில் நடுவானில் ஊசலாடும் பொருள் விளிம்புக்கு இப்பால் வீழ்ந்தால் விற்றவன் அழ வேண்டும். அப்பால் வீழ்ந்தால் வாங்கியவன் அழ வேண்டும். 2010 ஆம் ஆண்டு விதிகளிலேதான் இந்தக் கற்பனைக் கோடு கைவிடப்பட்டு, சரக்குக் கப்பலில் வைக்கப்பட்டபின் என மாற்றப்பட்டது. நிலையத்தை முழுமையாகக் கட்டிக் கையளிக்கும் ஒப்பந்தமாயின் பொறுப்பு பெரும்பாலும் கையளிக்கும் நாள்வரை கட்டுவோனிடமே இருக்கும். எவ்வாறாயினும், பாரம் யாருடைய தலையில் உள்ளது என்பதை ஒவ்வொரு கணத்துக்கும் தாள் ஒன்று சொல்லும்.

அத்தாள்களில் எங்கும் எழுதப்படாத ஒரு தரப்பு உண்டு. அது கரை.

நுரைச்சோலை கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ளது. மேற்கே கடல், கிழக்கே புத்தளக் களப்பு, நடுவே மணல். அம்மணலில் ஆழமற்ற கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிப்போர் ஒருபுறம். கரைவலை இழுப்போரும் வள்ளத்திற் செல்வோரும் மறுபுறம். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் பலராக வாழும் பகுதி இது. 1990 இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் அடைக்கலம் புகுந்ததும் புத்தளம் மாவட்டத்திலேயே. பாரங்களை இறக்கி வைத்துப் பழகிய மக்கள் அல்லர் இவர்கள். தாமே ஒருமுறை பெயர்க்கப்பட்டு வந்திறங்கியவர்கள் பலர். மின்நிலையத் திட்டம் பேசப்பட்ட காலத்தில் ஊர் மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்ப்புக் காட்டினர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் இருப்பதும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

இக்கரையிற் பெருந்துறைமுகம் இல்லை என்பதே யாவற்றினும் முக்கியமானது. இயந்திரத்தைக் கொண்டுவருவது ஒருமுறைப் பயணம். அதற்கு உணவூட்டுவது முடிவில்லாப் பயணம். மூன்று அலகுகளுக்கும் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னிற்கும் மேற்பட்ட நிலக்கரி வேண்டும். இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இரசியா ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ அறுபதினாயிரம் தொன் சுமந்து வரும் கப்பல்கள் கரையை அணுக இயலாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, தட்டையடிப் பார்ஜ் படகுகள் நிலக்கரியைப் பெற்று இறங்குதுறைக்கு வரும். அங்கிருந்து சுமைகாவிப் பட்டி அதனை முற்றத்துக்குக் கொண்டு செல்லும். வடமராட்சித் துறைகளில் வெளியே நின்ற கப்பல்களிலிருந்து வத்தைகளிற் சரக்கிறக்கிய முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் மின்நிலையம் வத்தைக் காலத்து முறையில் உண்கின்றது என்பது வியப்பன்று, வேதனை.

அதுவும் ஆண்டு முழுதும் இயலாது. சோளகம் வீசத் தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். பார்ஜ் கப்பலை அணைய முடியாது. எனவே ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான அமைதிக் காலத்துக்குள் ஓராண்டுக்குரிய நிலக்கரி முழுவதையும் இறக்கிக் குவித்தாக வேண்டும். கப்பல் ஒன்று பிந்தினால் அந்த இடைவெளியைப் பின்னர் நிரப்புவது கடினம். 2022 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றிய காலத்தில், நிலக்கரிக்குக் கொடுக்க டொலர் எங்கே என்ற கவலையும், அமைதிக் காலம் கடந்துவிடுமே என்ற கவலையும் ஒருங்கே எழுந்தன. வங்கியின் நாட்காட்டியும் காற்றின் நாட்காட்டியும் ஒத்துப்போக வேண்டுமென்பது எவ்வளவு மெல்லிய கயிறு!

ஆழமான துறை இந்நாட்டில் இல்லாமலில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலையில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் எண்ணம் 1980 களிலேயே இருந்தது, கைவிடப்பட்டது. பின்னர் இந்தியாவுடன் கூடிச் சம்பூரில் அமைக்கத் திட்டமிட்டதும் 2016 இற் கைவிடப்பட்டது. கைவிட்டமை தவறென்று சொல்ல இயலாது. 2006 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் நிலத்துக்கு மீளப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்கள் முற்றத்தில் நிலக்கரி குவியாதது நல்லதே. துறைமுகத்துக்கு ஏற்ற ஆழத்தைக் கடல்வரைபடம் காட்டும். அக்கரை மனிதர் எத்துணைச் சுமை தாங்குவர் என்பதை அது காட்டாது.

நுரைச்சோலையின் சுமையோ வேறு வடிவினது. முற்றத்திற் குவிந்த கரியின் தூளும் எரிந்தபின் எஞ்சும் சாம்பலும் காற்றடிக்கும் காலங்களில் வீடுகளிலும் பயிர்களிலும் படிவதாக ஊரவர் ஆண்டாண்டாக முறையிட்டு வருகின்றனர். கப்பலும் பார்ஜும் நடமாடும் கடற்பரப்பிலேயே தாமும் தொழில் செய்ய வேண்டியிருப்பது மீனவரின் முறைப்பாடு. மின்மாற்றியில் ஒட்டிய அதிர்வுப் பதிகருவியைப் போன்ற ஒன்று அவர்களது வெங்காயப் பாத்தியிலோ நுரையீரலிலோ பொருத்தப்படவில்லை. இறங்கிய கணத்திற் பொருள் எந்நிலையில் இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. பொருள் இறங்குமுன் கரை எந்நிலையில் இருந்தது என்பதற்குச் சாட்சி ஊரவரின் நினைவு மட்டுமே.

கரையும் ஒரு தரப்பே என்பதை நீதிமன்றம் கேட்ட சந்தர்ப்பம் ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய பிளாத்திக்குக் குறுமணிகள் மேற்குக் கரையோரம் நெடுக ஒதுங்கின, மீன்பிடி தடைப்பட்டது. அக்கப்பலின் எந்தச் சரக்குத் தாளிலும் மீனவன் பெயர் இருந்திராது. எனினும் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. பணம் கைக்கு வருவது வேறு கதை; ஆயினும் நயினாதீவுக் கல்வெட்டிலே பண்டாரமும் உடையவனும் மட்டுமே பங்கு கேட்ட இடத்தில், கரையிலிருப்பவனும் வந்து நின்றுவிட்டான். நுரைச்சோலையில் தீயும் இல்லை, மூழ்கிய கப்பலும் இல்லை. ஒரே நாளில் நேர்ந்த கேட்டுக்கு வழக்குண்டு. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிவதற்கு எந்த நாளைக் குறிப்பிட்டு வழக்குரைப்பது?

2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டபோது, நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோயின. மீண்டும் இயக்கப் பல நாட்கள் பிடித்தன. நாடெங்கும் சுழற்சி முறையில் மின் வெட்டப்பட்டது. அந்நாட்களில் ஊரெல்லாம் குரங்கைப் பற்றியே பகடி பேசியது. நுரைச்சோலைக் கடலிலோ அது அமைதிக் காலம். பார்ஜுகள் கப்பலுக்கும் இறங்குதுறைக்குமாகப் போய் வரும் பருவம். சோளகத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.