அமுக்காதீங்க அண்ணாச்சி

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அத்தைக்கு மூட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை.

போன மாதம் பார்சல் வந்த அன்று ராத்திரி போன் போட்டு, "ரேசர் எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாயே, "பிரமாதம்டா" என்றேன். அது பொய். ஆசையை அடக்க முடியாமல் சாயங்காலமே முகச்சவரம் செய்து பார்த்துவிட்டேன். நீ போன் போட்டபோது என் தாடையில் இரண்டும் குரல்வளையில் ஒன்றுமாகத் தினசரித்தாள் துணுக்குகள் ரத்தத்தில் ஒட்டியிருந்தன. முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய பிள்ளையிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்ல? இப்போது நாலு வாரம் ஆகிவிட்டது, உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

புது ரேசர் என்றாய். டப்பாவைத் திறந்தால் உன் தாத்தா வைத்திருந்த சாமான்! மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று அதே மூன்று துண்டு. நடுவில் இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடு. கைப்பிடியைத் திருகினால் பிளேடு லேசாக வளைந்து இறுகிக்கொள்ளும். அவருடையது பித்தளை, மேல்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரியும். இது ஸ்டீல். கையில் வைத்தால் ஒரு கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம்.

இதைக் கண்டுபிடித்த கிங் கேம்ப் ஜில்லெட், பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். காகிதம்போல மெல்லிய எஃகில் கூர் ஏற்ற முடியாது என்று பலரும் கைவிரித்தபோது, நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து கொடுத்தார். விற்பனைக்கு வந்த 1903ஆம் வருஷம் முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மறுவருஷம் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் மூட்டைக்குள் போய், அப்படியே ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. ஆக, உன் "புது" ரேசருக்கு வயது நூற்றிருபதுக்கு மேல்!

1971இல் இரட்டை பிளேடு வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. நானும் வேலையில் சேர்ந்த புதிதில் தாத்தாவின் ரேசரைப் 'பழசு' என்று ஒதுக்கிவிட்டு இரட்டை பிளேடுக்கு மாறியவன்தான். அன்றிலிருந்து கழுத்தில் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். சூடு என்று நினைத்து இளநீராகக் குடித்துத் தள்ளினேன். காரணம் வேறு. முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கிறது, பின்னால் வருவது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி தோலுக்குக் கீழே உள்வாங்கிக்கொள்கிறது. சுருட்டை முடியாக இருந்தால் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளர்ந்து கட்டியாகிறது. எனக்குக் கழுத்து முடி சுருட்டை. உனக்கும் அப்படித்தான், தடவிப் பார்.

அத்தோடு இன்னொரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு மாறிய மூன்று பிளேடு ரேசரின் தலை ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் விற்கும்போது, மழுங்கினாலும் தூக்கிப்போட மனசு வருமா? ஒன்றை இரண்டு மாதம் ஓட்டுவேன். கூர் போகப் போகக் கை தானாக அமுக்கும். முப்பது வருஷம் அமுக்கிய கை அது. அதே கையால் உன் ரேசரைப் பிடித்தேன், அதுதான் அந்த மூன்று வெட்டு.

மறுநாள் வழக்கமான சலூனுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என் கழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் கையில் இருப்பதும் இதே பிளேடுதான். உறையோடு பாதியாக ஒடித்து மடக்குக் கத்தியில் செருகுகிறார். "அமுக்காதீங்க அண்ணாச்சி. கத்தியோட கனத்தை மட்டும் தோல்மேல விடுங்க, கை சும்மா கூடப் போகணும்" என்றார். பிறகு என் விரலைப் பிடித்துக் கழுத்தில் தடவ வைத்தார். ஒரு பக்கம் வழுவழு, எதிர்ப்பக்கம் சொரசொர. அப்போதுதான் தெரிந்தது, தாடைக்குக் கீழே எனக்கு முடி கீழ்நோக்கிப் படுத்திருக்கவில்லை, காதுப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது வரை என் கழுத்தே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அவர் சொன்னபடி செய்கிறேன். நம்ம ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது உனக்குத் தெரியும். அதனால் குழாயில் வரும் சீவலப்பேரிக் குடிநீர் அரைச் செம்பு எடுத்து லேசாகச் சுடவைத்துக்கொள்கிறேன். முகத்தை நனைத்து, பிரஷ்ஷால் நுரை போட்டு, மூன்று நிமிஷம் விடுகிறேன். முடி தண்ணீர் குடித்தால் இளகிவிடும். கைப்பிடியைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, பிளேடு தோலோடு முப்பது டிகிரி சாய்வில் நிற்கும்படி பிடிக்கிறேன். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி படுத்திருக்கும் பக்கமாகவே சின்னச் சின்ன இழுப்பு. சரியாகப் போகும்போது காய்ந்த பனையோலையைக் கீறுகிற மாதிரி 'சரக் சரக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் நின்றால் சாய்வு தப்பிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், ஈரத்தோடு படிகாரக் கட்டி ஒரு தடவல்.

ஐந்து சவரத்துக்கு ஒரு பிளேடு மாற்றுகிறேன். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் சாய்வாக மோதும்போது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது என்று 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நமக்கென்ன, ஐந்து பிளேடு அடங்கிய பொட்டலம் முப்பது ரூபாய்க்குள் முடிகிறது. மாற்ற மனசு வருவதால் அமுக்கவும் வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நாலு நிமிஷத்தில் முடிந்த வேலை இப்போது பன்னிரண்டு நிமிஷம். பஸ்ஸுக்கு ஓடுகிற அன்றைக்கு இது உதவாது. மூக்குக்குக் கீழே ரேசரின் தலை நுழைய மாட்டேன் என்கிறது. மீசை ஓரம் நேராக வர இன்னும் கை படியவில்லை. போன வாரம் இடது பக்கம் ஒரு நெல் அளவு குறைந்துபோய், உன் அத்தை இரண்டு நாள் சிரித்தாள். மீசையை மட்டும் சலூன் தம்பியிடமே விட்டுவிட்டேன். மற்றபடி, மூன்றாவது வாரத்திலேயே கழுத்துக் கட்டிகள் அடங்கிவிட்டன. காலர் பட்டன் போட்டால் எரிவதில்லை.

தேய்ந்த பிளேடைக் குப்பையில் போடாதே. அள்ளுகிறவர்கள் கையைக் கிழித்துவிடும். தகர டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு உண்டியல் மாதிரி வைத்திருக்கிறேன், நீயும் ஒன்று வைத்துக்கொள். அந்தக் காலத்தில் நம் வீட்டில் தேய்ந்த பிளேடுக்கும் ஓய்வு கிடையாது. பாட்டி அதில்தான் தையல் பிரிப்பாள், உங்கம்மா பென்சில் சீவுவாள், இரண்டு பேரும் அதற்குச் சண்டை போடுவார்கள்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. தாத்தாவின் ரேசர் டப்பா உங்கம்மாவின் பீரோவில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது கேட்டு வாங்கி வா. திருகு மரை தேய்ந்திருக்காது, புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அதை நீ வைத்துக்கொள். எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டித் தருகிறேன். புனேயிலிருந்து விமானத்தில் வந்தால் கைப்பையில் பிளேடு போட்டுவிடாதே, பிடுங்கிக்கொள்வார்கள். பிளேடு இங்கே முக்குக் கடையிலேயே கிடைக்கிறது.

உன் மாமா