அண்டை வீட்டுப் பூனை

ஆனையூரில் நாங்கள் குடியேறிய காலத்தில் வீட்டைச் சுற்றிலும் வெற்று மனைகளே மிகுதி. 2011-ஆம் ஆண்டு இவ்வூர் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அதன் பின்னர் எங்கள் தெருவில் மனைகள் ஒவ்வொன்றாக வீடுகளாயின; சுவரோடு சுவர் ஒட்டியது. முற்றங்களுக்கெல்லாம் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். கொத்திவிட்ட மண் என்று எஞ்சி நின்றது என் வீட்டு முன்புறத்து மல்லிகைப் பாத்தி ஒன்றுதான். அதனை நான் பெருமையாக எண்ணியிருந்தேன். அண்டை வீட்டுப் பூனையும் அவ்வாறே எண்ணியது என்பது பின்னர்தான் விளங்கிற்று.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாமறிவோம். என் பாத்தியில் இருப்பவை பத்துச் செடிகள்தாம். எனினும் கார்த்திகையில் கவாத்துச் செய்து, மண்ணைக் கொத்தி, எரு இட்டு, அவற்றைப் பிள்ளைகளைப் போல வளர்த்து வந்தேன். கொத்திய மறுநாளே, சுபுஹுத் தொழுகை முடித்துத் திரும்புகையில், பாத்தியில் பள்ளம் பறித்து மூடிய அடையாளத்தைக் கண்டேன். வேர் வெளியே தெரிந்தது. திண்ணைத் தூணிலும் அதன் சிறுநீர் நாற்றம். கோடையில் மஃரிபு வேளையில் என் வீட்டார் பாய் விரித்துத் தொழும் இடம் அது. நாள்தோறும் கழுவினோம், நாள்தோறும் அது வந்தது.

அப்பொழுது என் மகள் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்றும், கருவுற்ற பெண்கள் அம்மண்ணை வெறுங்கையால் தொடலாகாது என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். எல்லாப் பூனைகளிடமும் அது இருப்பதில்லை. நன்கு வேகாத இறைச்சி வழியாகவும் அது பரவும். இவையெல்லாம் நான் பின்னர் கேட்டறிந்தவை. அன்று எனக்கு அச்சம் ஒன்றே இருந்தது. அச்சம் சினமாயிற்று.

தெருவார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாச்சை உருண்டையைத் தூவுங்கள் என்றார் ஒருவர். ஃபினாயிலை ஊற்றுங்கள் என்றார் மற்றொருவர். இரண்டும் பூனைக்கு நஞ்சு. காலில் பட்டதை அது நாவால் நக்கித்தானே துடைத்துக்கொள்ளும்! பாச்சை உருண்டையோ வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு. கடைசியாக ஓர் இளைஞன் வந்தான். பூனையைச் சாக்கில் கட்டி, அலங்காநல்லூர் தாண்டி விட்டுவிட்டு வருவதாகக் கூறிக் கூலியும் பேசினான். "நாளை வா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு இதனைக் கேட்ட என் வீட்டார் ஒரே ஒரு வினாதான் எழுப்பினார்: "அங்கே அதுக்கு யாருங்க சோறு வைப்பாங்க?"

அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. மத்ரஸாவில் ஓதிய பருவத்திலேயே நாமெல்லாம் கேட்ட செய்தி நினைவுக்கு வந்தது. ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். உணவும் தரவில்லை, தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்துவிடவுமில்லை. அதனால் தண்டனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. நான் அடைக்கப் போவதில்லையே என்று மனம் வாதிட்டது. ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த உயிருக்கு, அறியாத வெளியும் ஒரு சிறைதானே! பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம்.

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமன்று, நம்மிடையே சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று பெருமானார் (ஸல்) உரைத்ததை எடுத்துச் சொன்னார்கள். பூனையின் வாய்பட்ட நீரைப் பற்றிய சொல் இது, கழிவு நஜீஸ்தான். ஆகவே திண்ணையையும் பாத்தியையும் காத்துக்கொள்ள நினைத்ததில் தவறில்லை. காக்கும் வழியில்தான் நான் தவற இருந்தேன்.

எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் பூனைகளின் பராமரிப்புக்கென்றே ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். 1836-இல் வெளியான தமது நூலில் எட்வர்டு லேன் என்னும் ஆங்கில அறிஞர் இதனைக் குறிப்பிடுகிறார். அவர் காலத்தில் தோட்டம் பலர் கை மாறி வருவாய் அருகிவிட்டது. செலவின் பெரும்பகுதி காஜியின் மீது விழுந்தது. எனினும் பிற்பகல்தோறும் நீதிமன்றப் பெருமுற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சித் துண்டுகள் வைக்கப்பட்டன. பூனை வேண்டாம் என்போர் அதனை அங்குக் கொண்டுபோய் விட்டார்களாம். அவர்களும் என்னைப் போலத் தொல்லை நீங்க விரும்பியவர்களே. ஆனால் சோறு கிடைக்கும் இடம் பார்த்து விட்டார்கள்.

மறுநாள் இளைஞனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய உரிமையைப் பற்றிப் பிறருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுப் படியை மிதித்ததோ அதுவே முதல் முறை. அங்கிருப்பவர் கணவரை இழந்த முதியவர். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். துணைக்கு அந்தக் கடுவன் பூனை ஒன்றுதான்.

"வாங்க பாய், உள்ளே வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். செய்தியைச் சொன்னதும் அவர் முகம் வாடிற்று. "வீட்டுக்குள்ளே அது ஒருநாளும் அசிங்கம் பண்ணாது பாய். அதனாலே நான் கவனிக்கவே இல்லை" என்றார். பின்கட்டைப் பார்த்தேன். முந்திய ஆண்டுதான் மகன் முழுவதும் தளம் போட்டிருந்தார். கழிவை மண்ணால் மூடுவது பூனையின் இயல்பு. சொந்த வீட்டில் மண் போயிற்று; சுவர் தாண்டி என் பாத்திக்கு வந்தது.

பழைய அகன்ற தொட்டி ஒன்றில் மணல் நிரப்பி அவர் பின்கட்டில் வைத்தோம். வாடை அறிந்து வரட்டும் என்று என் பாத்தி மண்ணிலும் ஒரு கை அள்ளிப் போட்டேன். நாள்தோறும் அவர் அதைச் சுத்தம் செய்தார். நான் செடிகளைச் சுற்றிக் கோழி வலையைத் தரையோடு பரப்பி முளையடித்தேன். இடையில் ஓட்டுச் சில்லுகளைப் பதித்தேன். கால் வைக்கவும் மண் பறிக்கவும் இடராக இருந்தால் பூனை அவ்விடத்தை நாடாது. தூணைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, வாடை போகும்வரை விடவில்லை. வாடை எஞ்சினால் அது அங்கேயே திரும்ப வரும். பின்னர் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கு இருவருமாக ஆட்டோவில் கொண்டு சென்று, கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தோம். அதன் பிறகு தூணில் சிறுநீர் பீய்ச்சுவதும் படிப்படியாகக் குறைந்தது. மகளோ பாத்தி மண்ணைத் தொடவில்லை. மொட்டுப் பறிக்கும் வேலையை அவள் தாய் ஏற்றார். கீரையை நன்கு அலசினோம், இறைச்சியை நன்கு வேகவைத்தோம்.

அல்லாஹ்வின் அருளால் பேரன் நலமாகப் பிறந்தான். பூனை இன்றும் சுவர்மேல் நடக்கிறது; எப்போதேனும் திண்ணையில் படுத்து உறங்குவதும் உண்டு. அவ்வளவுக்கு இடமளிக்க நாங்கள் பழகிவிட்டோம்.

சென்ற ஆண்டு அந்த அம்மா மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போய் வந்தார். புறப்படும்போது வீட்டுத் திறவுகோலையும் பூனையின் சோற்றுக் கிண்ணத்தையும் என் வீட்டாரிடம் கொடுத்துச் சென்றார். இருவேளையும் நானே சோறு வைத்தேன். அன்று அந்த இளைஞன் சாக்கோடு போயிருந்தால், அத்திறவுகோல் எங்கள் கைக்கு வந்திராது.