வழியில் இல்லாத ஊர்

உலகச் சுற்றுப்பயணம் கிளம்பும் ராக் குழுக்களுக்கு இந்தியா என்றால் பெரும்பாலும் மும்பை, பெங்களூர், டெல்லி. 1995ல் டீப் பர்ப்பிள் சென்னைக்கு வந்தது. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூரிலும் மும்பையிலும் பாடியது. 2007ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் வந்தது. திருவனந்தபுரத்து ரசிகர்களுக்கு மிஞ்சியது ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். அதற்கும் காசில்லாதவர்களுக்குத் தேய்ந்துபோன கேசட்.

ஸ்டோன்ஸ் வந்துபோன அதே 2003ல்தான் இந்த ஊரில் 'அவியல்' குழு பிறந்தது. கேரளத்துக்கு ராக் புதிதல்ல. 1977ல் தொடங்கிய கொச்சியின் '13 ஏடி' குழு ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கியிருந்தது. அவியல் மலையாளத்தில் பாடியது. கிடார் அலறும்போது மலையாளம் எடுபடுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2008ல் வந்த ஆல்பம் பதில் சொன்னது. அதில் உள்ள 'ஆடு பாம்பே' பாட்டின் வரிகள் ஸ்ரீநாராயண குருவுடையவை. 1856ல் அவர் பிறந்த செம்பழந்தி இதே நகரின் ஓரத்தில் இருக்கிறது. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த தமிழர்களுக்கும் அந்த அழைப்பு அந்நியமல்ல.

ஸ்டோன்ஸோடு சேர்ந்து பாட இளைஞர்கள் அந்நிய மொழியை உருப்போட வேண்டியிருந்தது. இந்தப் பாட்டின் சொற்கள் வீட்டில் பாட்டிக்கே தெரிந்திருக்கும். டிரம்ஸ் சத்தத்தைத்தான் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.