கிண்ணத்தில் கிடந்த குண்டுகள்

அன்புள்ள முருகேசா,

அமெரிக்காவின் மொன்டானாவில் இருக்கிறேன். மதியம் ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. உன்னிடம் கொட்டினால்தான் தூக்கம் வரும்.

லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்குப் போகிற வழியில் ஒரு கடை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மரக்கிண்ணம் நிறைய ஈயக் குண்டுகள். கடைக்காரர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நுனி அளவுதான், ஆனால் நல்ல கனம். மண்ணுக்குள் நெடுநாள் கிடந்த ஈயத்துக்கே உரிய வெள்ளைப் படிவு மேலெல்லாம். மூக்கு நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பக்கவாட்டில் துப்பாக்கிக் குழலின் முறுக்குப் பள்ளங்கள் கீறிய சாய்கோடுகள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "இந்தப் பக்கம்தான்" என்று கையை வீசிக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. மகஜர் போடாமல் எடுத்த பொருளை வைத்து நீ எந்தக் கோர்ட்டில் வாதாடுவாய்?

1876 ஜூன் 25 அன்று அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரும் அவரோடு இருந்த சுமார் 210 பேரும் அந்தப் போர்க்களத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் மாண்டார்கள். 1983இல் தீப்பிடித்துப் புல்வெளி பொசுங்கி, தரை வெளியே தெரிந்தது. அடுத்த வருஷம் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரும் தன்னார்வலர்களுமாகக் களத்தில் இறங்கினார்கள். சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் கொடி நட்டு, எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று எழுதிக்கொண்ட பிறகே பொருளை எடுத்தார்கள்.

காலித் தோட்டா கிடந்தால் அது சுட்டவன் நின்ற இடம். நசுங்கிய குண்டு கிடந்தால் அவன் குறிவைத்த பக்கம். ராணுவத்திடம் இருந்தது, ஒவ்வொரு தடவையும் தோட்டா மாற்ற வேண்டிய .45 ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன். எதிரே லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் பலரிடம், அடுத்தடுத்துச் சுடக்கூடிய .44 ஹென்றியும் வின்செஸ்டரும். ஹென்றியின் ஊசி தோட்டா விளிம்பில் இரண்டு பக்கமும் குத்தும். அந்த இரட்டைத் தழும்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி குத்து மாறும். ஒரே குத்து இரண்டு மூன்று மேடுகளில் கிடைத்தால், அந்தத் துப்பாக்கி போன வழிக்குக் கோடு போட்டுவிடலாம். ஹென்றித் தோட்டாக்கள் மண்டிக் கிடந்த ஓரிடத்துக்கு ஹென்றிவில் என்றே பெயர் வந்துவிட்டது.

கஸ்டரின் ஆட்கள் கடைசி ஆள்வரை அணி கலையாமல் நின்றார்கள் என்றுதான் ஓவியங்களில் வரைந்தார்கள். அணி குலைந்து சிதறியதையே தோட்டாக்கள் காட்டுகின்றன என்று ஃபாக்ஸ் எழுதினார். களத்தில் நின்ற லகோட்டா, செயென் பெரியவர்கள் பலர் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொன்னார்கள். காது கொடுத்தவர்கள் குறைவு. நூறு வருஷத்துக்குப் பிறகு ஈயமும் செம்பும் ஒத்துப் பேசியதால்தான் அந்த வார்த்தைக்கு மரியாதை வந்தது. கண்ணால் கண்டவர்களை இவ்வளவு காலம் காக்க வைத்தது பெரிய அநியாயம்.

இதனால்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் கொதிக்கிறேன். போர்க்களப் பூங்காவுக்குள் ஒரு துண்டு உலோகத்தை எடுத்தாலும் குற்றம். ஆனால் சண்டை வேலிக்குள்ளேயே முடிந்துவிடவில்லையே! கிடந்த இடம் தொலைந்த குண்டு எந்தப் பெரியவரின் சொல்லுக்கும் இனித் துணை வராது. உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது பழைய குண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், எந்தக் காலத்தது என்று கேட்காதே. எங்கே கிடந்தது என்று முதலில் கேள்.

அன்புடன்,
சுந்தரம்